ஓவியத்தை இரவல் கொடுக்கிறோம், மதிப்பை யார் சொல்வது?

கும்பகோணத்தில் எங்கள் வீட்டுத் தஞ்சாவூர் ஓவியத்தை, ஆறு மாதக் கண்காட்சிக்குச் சென்னை அருங்காட்சியகம் ஒன்று இரவல் கேட்கிறது. நூறாண்டைத் தாண்டிய வெண்ணெய்க் கிருஷ்ணர், பலாப்பலகை, மூன்றடி உயரம். 1972 தொல்பொருள் சட்டப்படி பதிவும் உண்டு. இடது தோளில் ரேக்குக்கு அடியில் பூசிய சுக்கான் மாவு (சுண்ணாம்புக்கல் பொடி) விரிசல் விட்டு, தங்க ரேக்கு நகம் பட்டாலே உதிர்கிறது.

காப்பீடு காட்சியில் இருக்கும்போது மட்டும் என்றார்கள். எங்கள் சுவரிலிருந்து கழற்றி, திரும்ப மாட்டும்வரை வேண்டும் என்றோம், சரி என்றார்கள். பயமே அந்த லாரிப் பயணம்தானே! தற்போதைய நிலையைப் படங்களோடு எழுதிக் கையெழுத்திடவும் சம்மதம்.

காப்பீட்டுக்கு எழுத வேண்டிய மதிப்பில்தான் மூன்று வாரமாக இழுபறி. அவர்கள் சொல்வது 3 லட்சம். நாங்கள் விசாரித்த வியாபாரி 8 லட்சம் என்கிறார், எழுதித் தர மறுக்கிறார். அப்புறம் தனக்கே விற்கச் சொல்கிறார். அம்மா விற்க மாட்டார்.

இரு தரப்பும் ஏற்கும்படி எழுத்துப்பூர்வமாக மதிப்பிட்டுத் தர யாரை அணுகலாம்?