ஒரே ஆள் ஊருக்கு ஏழு பேர் சபை: ஊர்சுற்றியின் கணக்கும் என் மறுப்பும்

சேது_கிளெர்மோன்:
நேற்று ஊர்சுற்றி எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை, அதனால்தான் தனித் திரி. பிரான்ஸில், துரோம் தெபார்த்மானில் (நம் மாவட்டம் மாதிரி) ரோஷ்ஃபூர்ஷா என்று ஓர் ஊர். அங்கே குடியிருப்பது ஒரே ஒருவர். "அவரே மேயர், அவரே வாக்காளர், தனக்கே ஓட்டுப் போட்டுத் தானே எண்ணிக்கொள்வார்" என்று ஐயா அடித்துவிட்டார். கீழே ஏகப்பட்ட சிரிப்புப் பொம்மைகள்.

ஊர் உண்மை. ஒருவர் என்பதும் உண்மை. பிரெஞ்சு அரசின் புள்ளிவிவர நிறுவனமான இன்சேயின் கணக்கில் 1999 தொடங்கிப் பல முறை அந்த ஊருக்கு 1 என்றுதான் வந்திருக்கிறது. ஆனால் மேயர் அவர் இல்லை. 100 பேருக்குக் குறைவான கொம்யூனுக்கு (தனிச் சபையும் மேயரும் உள்ள ஊருக்கு) சபை உறுப்பினர்கள் 7 பேர். ஒருவரை வைத்து ஏழு நாற்காலியை எப்படி நிரப்புவார்கள் என்று ஒரு நொடியாவது யோசித்தீர்களா? ஊரில் வசிக்காவிட்டாலும், அங்கே வீடோ நிலமோ வைத்துத் தொடர்ந்து இரண்டாவது ஆண்டாக வரிப் பட்டியலில் இருப்பவர் வாக்காளராகப் பதியலாம். அதனால் வாக்காளர் பட்டியல் குடிமக்கள் எண்ணிக்கையைவிட நீளம். இதுதான் விஷயம். அப்புறம் எதற்கு இந்த நக்கல்?

ஊர்சுற்றி:
வாங்க வக்கீல் ஐயா. ஏழு பேர் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், நல்லது. தேர்தல் சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறதே, அதை ஏன் விழுங்கினீர்கள்? ஏழு பேர் சபையில் ஊரில் வசிக்காதவர்கள் அதிகபட்சம் 4 பேர்தான் இருக்கலாம். ஏழில் நான்கு போனால் மூன்று. ஊரில் இருப்பவர் ஒருவர். மீதி இரண்டு பேர் எங்கே?

சேது_கிளெர்மோன்:
நான்கு என்ற வரம்பு உண்மைதான், நான் எதையும் விழுங்கவில்லை. கணக்கெடுப்பு வேறு, தேர்தல் சட்டம் வேறு. இன்சே ஓர் ஆளை அவருடைய முதன்மை வீடு இருக்கும் ஊரில் எண்ணும். வலான்ஸ் நகரத்தில் வேலை பார்த்துக்கொண்டு, கோடையில் நான்கு மாதம் மலையில் தாத்தா வீட்டைத் திறந்து வைத்துக் குடியிருக்கிறவர் வலான்ஸ் கணக்கில்தான் வருவார். மலையூருக்கு அவர் பூஜ்யம். அதற்காக அவருக்கு அங்கே வீடே இல்லை என்றாகிவிடுமா? இப்படிப்பட்டவர்களை "ஊரில் வசிக்காதவர்" என்று தள்ள முடியாது என்பதே என் வாதம்.

போதாததற்கு இன்சே ஓர் ஊருக்கு மூன்று எண் தரும். கொம்யூன் மக்கள்தொகை ஒன்று, வெளியே படிக்கப் போன பிள்ளைகள் போன்றோரைத் தனியே எண்ணுவது இன்னொன்று, இரண்டையும் கூட்டினால் மூன்றாவது. சிறிய ஊர்களில் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறைதான் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுப்பார்கள். இதெல்லாம் தெரியாமல் 7 கழித்தல் 4 என்று வந்து நிற்கிறீர்கள்.

ஊர்சுற்றி:
இவ்வளவு நீளமாக எழுதியும் அந்த இரண்டு பேர் வரவில்லையே. "என் வாதம்" என்றால் போதுமா? எந்தத் தீர்ப்பில் இருக்கிறது, எடுத்துப் போடுங்கள்.

கிராமத்துத்_தமிழச்சி:
இரண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்கோ. நான் நடு பிரான்ஸில் க்ரோஸ் பக்கம் இருக்கிறன், வயோதிபர் பராமரிப்பு வேலை. என்ர ஊரில் நூறு பேருக்குக் கொஞ்சம் கூட. மேரி, அதுதான் மேயர் அலுவலகம், செவ்வாய்க்கிழமை பின்னேரமும் வெள்ளிக்கிழமை காலையும்தான் திறக்கும். செயலாளர் அம்மா மூன்று ஊர் மேரிக்கு ஒரே ஆள். கோப்பெல்லாம் அவவின் காருக்குப் பின்னால்தான் கிடக்கும். பள்ளிக்கூடம் மூடியாச்சு, ஆனால் அந்தக் கட்டடத்தில் அரைவாசிதான் மேரி.

தேர்தலன்று போய்ப் பாருங்கோ. கண்ணாடிப் பெட்டி, மேயர் பக்கத்தில் இருந்து பிடியை அமத்துவார், கடித உறை உள்ளே விழும், எண் ஒன்று ஏறும், "ஆ வோத்தே" (ஓட்டுப் போட்டாச்சு) என்று சத்தமாகச் சொல்லுவார். பெட்டிக்குப் பக்கத்தில் காலையில் ஒரு செட் ஆட்கள், மத்தியானம் சாப்பிடப் போக வேற செட். ஆறு மணிக்கு மூடினால் ஏழு மணிக்கு முதல் எல்லாம் எண்ணி முடிஞ்சிடும். உங்கட "தானே எண்ணிக்கொள்வார்" எல்லாம் பகிடிக்கு நல்லம்.

ஊர்சுற்றி:
அக்கா, உங்கள் ஊரில் நூறு பேருக்கு மேல். நான் கேட்பது ஒருவர் மட்டும் இருக்கும் ஊரை. அந்த இரண்டு பேர்?

சரித்திரப்பித்தன்:
ஒருவருக்கே இவ்வளவு சண்டையா? ஒருவர்கூட இல்லாத கொம்யூன்கள் இருக்கின்றன, அவற்றுக்கும் மேயர் உண்டு. மேஸ் தெபார்த்மானில் முதல் உலகப் போரின் வெர்தன் போர்க்களத்தை ஒட்டி, 1916 சண்டையில் தரைமட்டமான ஒன்பது ஊர்கள். ஃப்ளூரி, பெசோன்வோ, ஹோமோன், லூவ்மோன், கியூமியேர், போமோன் எல்லாம் அந்தக் கூட்டம். நிலமெல்லாம் வெடிக்காத குண்டு என்பதால் திரும்பக் கட்டவில்லை. ஆனாலும் "பிரான்ஸுக்காக இறந்த ஊர்" என்று அவற்றைக் கொம்யூனாகவே வைத்திருக்கிறார்கள். அங்கே மேயரை ப்ரெஃபே, அதாவது தெபார்த்மானின் அரசு அதிகாரி, நியமிப்பார். வாக்காளரும் இல்லை, தேர்தலும் இல்லை.

சேது_கிளெர்மோன்:
நல்ல தகவல், ஆனால் ஒன்பது இல்லை. ஆறு.

சரித்திரப்பித்தன்:
ஒன்பது.

சேது_கிளெர்மோன்:
நீங்கள் பெயர் சொன்னதே ஆறுதானே! தூவோமோன், வோ, ஓர்ன் மூன்றிலும் ஆட்கள் திரும்பிப் போய்க் கொஞ்சம் கட்டிக்கொண்டார்கள். முதலிரண்டும் 2019ல் ஒரே கொம்யூனாகச் சேர்ந்தும்விட்டன. பூஜ்யம் பேர் ஊர் 6.

சரித்திரப்பித்தன்:
அழிந்தது 9. நான் அழிந்ததைச் சொன்னேன்.

மௌனவாசகன்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 2019 டிசம்பரில் வந்த சட்டத்தின்படி, 100 பேருக்குக் குறைவான கொம்யூனில் தேர்தல் முடியும்போது 5 பேர் இருந்தாலே சபை முழுமை பெற்றதாகக் கொள்ளலாம். வெளியிலிருப்போர் 4, ஊரில் ஒருவர், ஆக 5. கணக்கு சரியாக வருகிறதே?

ஊர்சுற்றி:
2019க்கு முன்னால்?

அதற்கும் முன்னால் போவோமா? 2014 தேர்தலுக்கு முன் இந்தச் சின்ன ஊர்களுக்கு ஏழுகூட இல்லை, 9 பேர் சபை. வெளியாள் வரம்பு அப்போதும் 4. ஒன்பதில் நான்கு போனால் ஐந்து, ஊரில் ஒருவர். அப்படியானால் அப்போது காணாமல் போனவர்கள் நான்கு பேர்! சேது ஐயா, இரண்டு இப்போது நான்காகிவிட்டது. தேடுங்கள்.

சேது_கிளெர்மோன்:
மௌனவாசகன், உதவி செய்வதாக நினைத்து நீங்கள் அவருடைய கணக்குக்கே முட்டுக்கொடுக்கிறீர்கள். ஐந்து பேர் விதி சபை நிரம்பாமல் போகும் ஊர்களுக்கான சலுகை. ரோஷ்ஃபூர்ஷாவில் எனக்கு அது தேவையே இல்லை. வீடு வைத்திருப்பவர் வசிப்பவர்தான் என்பதே என் வாதம்.

சரி, பேச்சு வந்ததால் முழுதாகவே சொல்லிவிடுகிறேன். ஊர் என்றால் தலை எண்ணிக்கை என்று ஊர்சுற்றி நினைக்கிறார். பிரெஞ்சுக் கிராமம் அப்படி உருவாகவில்லை. 1789 டிசம்பரில் ஒவ்வொரு ஊருக்கும் தனி நகராட்சி என்று புரட்சிச் சபை சொன்னபோது, கையில் இருந்த தேவாலயப் பங்குகளையும் பழைய ஊர்களையும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். 1884 சட்டம் பாரிஸைத் தவிர எல்லாவற்றுக்கும் ஒரே வடிவம் கொடுத்தது. பெரிய நகரமும் குக்கிராமமும் சட்டத்தின் முன் ஒரே இனம். அதனால்தான் இன்றும் 35,000-ஐ ஒட்டி இருக்கின்றன. அதில் பாதிக்கு மேல் 500 பேரை எட்டாதவை.

எங்கள் ஓவெர்ன் பக்கம் வாருங்கள், கொம்யூனுக்குக் கீழேயே இன்னொரு அடுக்கு இருக்கிறது. ஒரு கொம்யூனுக்குள் ஏழெட்டுக் குக்கிராமம் இருக்கும். அதில் ஒன்றுக்கு மட்டும் மேய்ச்சல் நிலமும் காடும் சொந்தமாக இருக்கும். கொம்யூனுக்குச் சொந்தம் இல்லை, அந்தக் குக்கிராமத்தில் குடியிருப்பவர்களுக்கு மட்டும் அனுபவ உரிமை. "செக்ஸியோன்" என்பார்கள். காந்தால், லொசேர், ஓத்-லுவார் எங்கும் இருக்கிறது. யார் மாடு மேய்க்கலாம், யாருக்குக் குளிர்காலத்து விறகில் பங்கு, ஊரைவிட்டுப் போய் ஆகஸ்டில் மட்டும் வருகிறவனுக்கு உண்டா என்று தலைமுறை தலைமுறையாக வழக்கு நடக்கிறது. 2013ல் ஒரு சட்டம் போட்டு, புதிய செக்ஸியோன் இனி உருவாகக் கூடாது என்றார்கள். இருப்பதைக் கொம்யூனோடு சேர்ப்பதையும் எளிதாக்கினார்கள். பக்கத்துத் தெருக்காரன் வேலி தாண்டி வந்தால் விறகு கிடையாது என்று சொல்லும் நாட்டில் வந்து, "ஒருவர்தானே, மூடிவிடு" என்கிறீர்கள்.

ஊர்சுற்றி:
மூடிவிடு என்று நான் எங்கே சொன்னேன்? சரி, இப்போது சொல்கிறேன், மூடுங்கள். 500 பேருக்குள்ளான ஊர் மேயருக்கும் மாதம் ஆயிரம் யூரோவுக்கு மேல் உதவித்தொகை உண்டு. ஜனாதிபதி வேட்பாளருக்கு வேண்டிய 500 கையெழுத்தில் இவருடைய கையெழுத்தும் ஒன்று, பாரிஸ் மேயருடையதும் ஒன்று. செனட் தேர்தலுக்கும் ஏழு பேர் சபையிலிருந்து ஒரு பிரதிநிதி. பக்கத்து ஊரோடு சேர்த்தால் என்ன குடி முழுகும்?

கிராமத்துத்_தமிழச்சி:
அந்தக் காசு எடுக்காத மேயரும் இருக்கினம் தம்பி. எங்கட மேயர் பனி கொட்டினால் தன்ர டிராக்டரை எடுத்துக்கொண்டு தானே ரோட்டு வழிக்கிறார். ராத்திரி ஆற்றங்கரையில் மரம் விழுந்தால் அவருக்குத்தான் போன். பெரிய கொம்யூனோடு சேர்த்தால் அந்தப் போனை ஆர் எடுப்பினம்? தானியங்கிக் குரல்தான்.

சேது_கிளெர்மோன்:
அக்கா சொன்னதே பதில். சேர்த்துப் பார்க்கவில்லை என்றா நினைக்கிறீர்கள்? 1971ல் மார்செலன் சட்டம் என்று பெரிய அளவில் முயன்றார்கள், பெரும்பாலும் தோல்வி. 2010ல் "புதிய கொம்யூன்" என்று வேறு பெயரில் கொண்டுவந்து, 2015ல் பணச் சலுகையும் கொடுத்தார்கள். அப்போதுதான் நார்மண்டியில் 22 ஊர் சேர்ந்து லிவாரோ-பெய்-தோஜ் ஆனது. அங்கேயும் பழைய ஊர்ப் பெயர் போகவில்லை, "உபமேயர்" மாதிரி ஒருவரை வைத்துக்கொண்டார்கள். சேர்த்தாலும் ஊர் போகாது ஐயா.

காரைக்கால்_ரெமி:
கொம்யூன் கொம்யூன் என்று கத்துகிறீர்களே, எங்கள் ஊரில் யாராவது கேட்டீர்களா? 1880 ஆணையால் பிரெஞ்சிந்தியாவுக்கும் கொம்யூன் வந்தது. 1954 அக்டோபர் 18 கீழூரில் இணைப்புக்கு ஓட்டுப் போட்ட 178 பேர் யார்? நகரசபை உறுப்பினர்களும் சட்டசபைக்காரர்களும். 170 பேர் இந்தியாவுக்கு, 8 பேர் எதிர்ப்பு. இன்றைக்கும் திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவி, திருமலைராயன்பட்டினம் எல்லாம் கொம்யூன் பஞ்சாயத்துதான். 1968ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது, அடுத்தது 2006ல். உங்களுக்கு இரண்டு பேரைக் காணவில்லை, எங்களுக்குத் தேர்தலையே 38 வருஷம் காணவில்லை.

சேது_கிளெர்மோன்:
ரெமி, போன மாதம் பாண்டிச்சேரி வீட்டுப் பத்திரத் திரியில் என்னைக் "கூகுள் பண்டிதர்" என்றவர் நீங்கள்தானே? மறக்கவில்லை. நீங்கள் சொல்வது எல்லாம் சரியாகவே இருக்கட்டும், ரோஷ்ஃபூர்ஷாவுக்கும் நிரவிக்கும் என்ன சம்பந்தம்?

காரைக்கால்_ரெமி:
சம்பந்தம் இல்லாமல் பேச உங்களுக்கு மட்டும்தான் லைசென்ஸா? விறகுக்கும் ரோஷ்ஃபூர்ஷாவுக்கும் என்ன சம்பந்தம்? பண்டிதர் என்றால் கோபம் வரும், பண்டிதர் மாதிரி எழுதாமல் இருந்தால் நான் ஏன் சொல்லப்போகிறேன்.

ஊர்சுற்றி:
ரெமி அண்ணே, விடாதீங்க.

சேது_கிளெர்மோன்:
கூட்டு சேர்ந்தாயிற்றா, சந்தோஷம். விறகின் சம்பந்தம் இதுதான்: ஊரில் யார் "வசிப்பவர்" என்பதை இன்சே எண் முடிவு செய்வதில்லை. காட்டில் பங்கு கேட்கும்போது ஒரு கேள்வி, ஓட்டுப் போடும்போது வேறு கேள்வி, வரி கட்டும்போது இன்னொன்று. மூன்றாவது முறையாகச் சொல்கிறேன், வீடு வைத்திருப்பவர்...

ஊர்சுற்றி:
நான் ஐந்தாவது முறையாகக் கேட்கிறேன், இரண்டு பேர். 2014க்கு முன் நான்கு பேர். பெயர் வேண்டாம், எந்தத் தீர்ப்பு என்று மட்டும் சொல்லுங்கள்.

சேது_கிளெர்மோன்:
நான் வேலைக்குப் போகவேண்டும். மாலை வந்து தேர்தல் சட்டத்தின் பதினோராம் பிரிவிலிருந்து வரிசையாக எழுதுகிறேன். நீளமாக இருக்கும், முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

மௌனவாசகன்:
ஐந்து பேர் விதியை யாராவது படித்தீர்களா?

சரித்திரப்பித்தன்:
அது இருக்கட்டும். சேது கிளம்பும் முன் ஒன்று: ஓர்ன் கிராமத்தை அழிந்த பட்டியலில் சேர்க்கக் கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது? ஒன்பது என்றுதான் அங்கே போகிறவர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள்.

சேது_கிளெர்மோன்:
சேர்க்கக் கூடாது என்று நான் எப்போது சொன்னேன்? ஆட்கள் இருக்கிறார்கள் என்றேன். ஆறு.