அக்டோபர்ல ஸ்பெயின் கிராமம் சுத்த மோட்டர்ஹோமும் சைக்கிளும் வேணுமா, கார் பத்தாதா?

நாடோடி செல்வம் (ரெடிங்)

இந்த ஃபோரம்ல வேற திரியில ஒருத்தர் "ஸ்பெயின்னா பீச்சு, அதுவும் ஆகஸ்ட்ல போனாத்தான்" னு எழுதியிருந்தாரு, அதுக்குப் பதில் போட ஆரம்பிச்சு நீளமாயிருச்சு, அதான் தனித் திரி. போன வருஷம் செப்டம்பர் கடைசில கிளம்பி 24 நாள், நானும் வீட்டம்மாவும், எங்க பழைய மோட்டர்ஹோம், பின்னாடி ரேக்ல ரெண்டு ஈ-பைக். பிளைமவுத்ல கப்பல்ல ஏத்தினா மறுநாள் வடக்கு ஸ்பெயின் துறைமுகம் சான்டான்டெர்ல இறங்கிரலாம். பிஸ்கே கடல் ஆட்டின ஆட்டத்துல கட்டிக்கொண்டு போன இட்லி அப்படியே இருந்துச்சு, அத விடுங்க. அங்கேர்ந்து பீச் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்காம நேரா தெற்க, போர்ச்சுகல் எல்லை ஓரம் இருக்குற எக்ஸ்ட்ரெமதுரா மாநிலம்.

மொன்ஃப்ராக்வே நேஷனல் பார்க்ல பாறை மேல நூத்துக்கணக்குல பிணந்தின்னிக் கழுகு, ராத்திரி ஆனா மான் கத்துற சத்தம், செப்டம்பர் கடைசி அக்டோபர் ஆரம்பம் அதுங்களுக்கு ஜோடி சேர்ற காலம், அத கேக்கவே ஆளுங்க வர்றாங்க. ஆனா என்னைக் கவுத்தது லா வேரா. மலையடிவாரத்துல வரிசையா ஊருங்க, அப்போ மிளகாய் அறுவடை. சாயங்காலம் சைக்கிள்ல வந்துட்டிருக்கோம், ஒரு ஓட்டுக் கட்டடம், ஓட்டு இடுக்குலேர்ந்தெல்லாம் புகை கசியுது, தீப்புடிச்சிருச்சுன்னே நினைச்சு நிறுத்திட்டேன். வாசல்ல நின்ன பெரியவர் என் மூஞ்சியப் பாத்து சிரிச்சுட்டு கதவைத் திறந்து காட்டினாரு. கீழ ஓக் விறகு புகைஞ்சுட்டிருக்கு, மேல இடைவெளி விட்டு சட்டம் அடிச்ச பரண் பூரா செக்கச்செவேல்னு மிளகாய். ரெண்டு வாரம் போல புகையிலயே காயணும், தினம் கையால புரட்டி விடணும், அப்புறம் அரைச்சாத்தான் பிமென்தோன். கண்ணு எரிஞ்சாலும் அந்த வாசம் இருக்கே, வீட்டம்மா அன்னைக்கே ஒரு டப்பா வாங்கி வத்தக்குழம்புல போட்டா. இன்னும் எங்க வீட்டுக் குழம்புல அந்தப் புகை இருக்கு.

சொல்ல வர்றது இதான், அந்த ஊரையெல்லாம் பாக்கணும்னா மோட்டர்ஹோமும் சைக்கிளும் சேர்ந்தாத்தான் முடியும். மறுக்கிறவங்க வாங்க.

கார் கட்சி (டுசில்டோர்ஃப்)

வந்துட்டேன் அண்ணே. கதை சூப்பர். ஆனா நீங்க எழுதினத நீங்களே ஒருவாட்டி படிங்க, அந்தப் புகை வீட்டுக்கு முன்னாடி உங்கள நிறுத்தினது சைக்கிளு. மோட்டர்ஹோம் அப்போ எங்க இருந்துச்சு? ஊருக்கு வெளிய எங்கயோ பூட்டிக் கிடந்திருக்கும். அப்போ அது வெறும் ரூமு தானே, அதுக்கு எதுக்கு ஏழு மீட்டர் வண்டிய கடல் தாண்டி இழுத்துட்டுப் போகணும்?

நானும் ஒருக்கா மோட்டர்ஹோம் வாடகைக்கு எடுத்து தெற்கு ஸ்பெயின்ல ஆண்டலூசியா பூரா சுத்தினவன்தான், கம்பெனி பேரு வேணாம், சாவி குடுக்குறப்போ ரேக் ஸ்ட்ராப் பிஞ்சிருந்தத காட்டினேன், "பரவால்ல போங்க" ன்னான், திருப்பிக் குடுக்குறப்போ அதே ஸ்ட்ராப்புக்கு டெபாசிட்ல பிடிச்சான். அத கூட மன்னிச்சிரலாம். 100 கிலோமீட்டருக்கு 11 லிட்டர் டீசல் குடிச்சுது, அங்க மலை மேல வெள்ளையடிச்ச வீடுங்க உள்ள ஊருங்களுக்குள்ள நுழையவே முடியல, எல்லா ஊரையும் தூரத்துலேர்ந்து போட்டோ எடுத்ததோட சரி. அடுத்த வருஷம் சின்னக் காரு, ஊர் நடுவுல காசா ரூரல்னு சொல்ற கிராமத்து வாடகை வீடு, சைக்கிள் அங்கயே வாடகை. புவேர்த்தோ செரானோலேர்ந்து ஓல்வேரா வரைக்கும் வியா வெர்தே, அதாவது ரயில் பாதைய சைக்கிள் பாதையா மாத்தினது, 36 கிலோமீட்டர், 30 டனல், அந்த ரயில் பாதையில ஒரு ட்ரெயின்கூட ஓடினதே இல்ல தெரியுமா, 1920கள்ல ஆரம்பிச்சு பாதி கட்டி விட்டுட்டானுங்க, இப்ப அது சைக்கிளுக்கு. அங்க ஸ்டேஷன்லயே சைக்கிள் வாடகைக்குக் குடுத்தான்.

இன்னொண்ணு. ரெண்டு ஈ-பைக் 50 கிலோ, ரேக் தனி, தண்ணி 100 லிட்டர்னா 100 கிலோ. வண்டிய எடை மேடையில ஏத்திப் பாத்தீங்களா? மொத்தம் 3,500 கிலோ தாண்டக்கூடாதே.

நாடோடி செல்வம்

எடையெல்லாம் சரியாத்தான்பா இருக்கும், நாலு வருஷமா ஓட்டுறேன், ஒரு பிரச்சனையும் இல்ல.

காசா ரூரல் பத்தி. எங்க வீட்டம்மா சுத்த சைவம். ஸ்பெயின் கிராமத்துல சைவம்னு சொன்னா ரொம்ப மரியாதையா தலையாட்டிட்டு பச்சைப் பட்டாணி கொண்டு வருவாங்க, அதுல ஹமோன், அதான் உப்புப் போட்டுக் காய வச்ச பன்னிக்கறி, துண்டு துண்டா கெடக்கும். கேட்டா "இது கறி இல்ல, ஹமோன்" னு பதில் வரும். மீகாஸ்னு ரொட்டித் துணுக்க வறுத்துத் தருவாங்க நம்ம உப்புமா மாதிரி, அதுலயும் சொரீசோங்கற பன்னிக்கறி சாசேஜ். ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒன்பது மணிக்கு முன்னாடி அடுப்பே பத்தாது. எங்க வண்டியில குக்கர் இருக்கு, சின்ன டேபிள் டாப் கிரைண்டரே இருக்கு, த்ருஹீயோ கேம்ப்சைட்ல மாவாட்டி இட்லி ஊத்துனோம், கரண்ட் குடுக்குறான்ல. இத உங்க சின்னக் கார்ல பண்ணுவீங்களா?

பாரிஸ் வதனி

செல்வம் அண்ணா, நாங்களும் போன முறை ஸ்பெயின்ர கிழக்கில தெருவெல் பக்கம் போனனாங்கள், வான் எங்கட சொந்த வான்தான், ஆனா உங்கள மாதிரி எல்லாம் நல்லம் எண்டு சொல்ல மாட்டன். அல்பராசின் எண்ட ஊர், மலையில 1,100 மீட்டருக்கு மேல, சிவப்பு நிற வீடுகள், சரியான வடிவு. ஒக்டோபர் கடைசி. பகல் ரீ-ஷேர்ட்டோட திரிஞ்சனாங்கள், விடிய எழும்பி தேத்தண்ணி வைப்பம் எண்டா அடுப்பு பத்தேல்லை. போத்தல் நிறைய காஸ் இருக்கு, ஆட்டிப் பாத்தா தளம்புது, ஆனா வெளியில வரேல்லை. பிறகுதான் விளங்கினது, ஸ்பெயின்ல வாங்கின செம்மஞ்சள் போத்தல் பியூட்டேன், அது பூச்சியத்துக்குக் கிட்ட குளிர் வந்தா ஆவியாகாது, திரவமாவே கிடக்கும். ப்ரொப்பேன் எண்டால் -42 பாகை வரைக்கும் பயமில்லை. இவர் போத்தல போர்வையால சுத்திக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருந்தவர், பிள்ளை படம் எடுத்து வச்சிருக்கிறாள். ஹீட்டரும் அதே காஸ்தான் எண்டத யோசியுங்கோ. கடற்கரைப் பக்கம் பியூட்டேன் போதும், மலைக்குப் போறவை ப்ரொப்பேன் கொண்டு போங்கோ.

சைக்கிள் பற்றி தம்பி சொன்னதில பாதி சரி. ஓஹோஸ் நெக்ரோஸ் வியா வெர்தே, பழைய இரும்புச் சுரங்க ரயில் பாதை, தெருவெல் பக்கத்தில இருந்து கடலோரம் சகுந்தோ பக்கம் இறங்குது, 160 கிலோமீட்டர் போல, ஸ்பெயின்ல உதுதான் நீளம். எஸ்கண்டோன் கணவாய் தாண்டினா இறக்கம்தான், பிள்ளையளும் ஓடுவினம். பிரச்சனை என்னெண்டா வான் மேல நிக்குது, நீங்கள் கீழ நிக்கிறியள். பக்கத்தில ஓடுற மற்ற ரயில் லைன்லயும் ட்ரெயின் கனக்க இல்லை. கடைசியில இவர் தனிய ஓடிப் போய் வானை எடுத்துக்கொண்டு வந்து எங்கள ஏத்தினவர், அவருக்கு அது விடுமுறையே இல்லை.

கார் கட்சி

அதான் அதான். வதனி அக்கா சொன்னத சட்டம் போட்டு மாட்டணும்.

செல்வம் அண்ணே, சைவப் பிரச்சனைய ஒத்துக்கறேன், காசா ரூரல்ல முழு வீடு எடுத்தா கிச்சன் இருக்கும்னு மட்டும் சொல்லி விட்டுர்றேன். என் உண்மையான கோபம் வேற. சோரியா, தெருவெல் மாதிரி மாவட்டங்கள்ல ஒரு சதுர கிலோமீட்டருக்கு பத்துப் பேர்கூட இல்ல, பள்ளிக்கூடம் மூடி, பஸ் நின்னு போயி, "தெருவெலும் இருக்குதுய்யா" னு 1999லேர்ந்து ஜனங்க இயக்கமே நடத்தறாங்க. அந்த ஊர்ப் பஞ்சாயத்து யாராச்சும் வரட்டும்னு இலவசமா மோட்டர்ஹோம் நிறுத்த இடம், தண்ணிக் குழாய், கழிவு கொட்ற தொட்டி எல்லாம் கட்டி வைக்குது. வர்றவங்க என்ன பண்றாங்க? பெரிய ஊர் சூப்பர் மார்க்கெட்ல ஒரு வாரத்துக்கு ரொப்பிட்டு வந்து, இவங்க தண்ணியப் பிடிச்சு, இவங்க தொட்டியில கொட்டிட்டு, காலைல டாட்டா. நான் காசா ரூரல்ல தங்கினா அந்த வீட்டுக்காரம்மாவுக்கு நேரா காசு போகுது.

கோவை குசும்பன்

கோயமுத்தூர்ல உக்காந்து படிச்சுட்டு இருக்கேனுங்க. நம்ம தமிழ்நாட்டுல 2011 கணக்குப்படி சதுர கிலோமீட்டருக்கு 555 பேருங்க. அங்க பத்துப் பேருக்கு இடம் பத்தலைன்னு ரெண்டு பேரு சண்டை போடறீங்க. கிரைண்டர் நம்மூர்ல செஞ்சதுங்களா, அத மட்டும் சொல்லிருங்க.

மத்ரித் மாப்ள

ஆறு வருஷமா இங்க இருக்கேன், ரெண்டு கட்சிக்கும் சொல்றேன். வண்டிக்குள்ள தூங்கறது பார்க்கிங், சேர் டேபிள் வெளிய போட்டா, ஆனிங்னு வண்டி பக்கவாட்டுல இருக்குற துணிக் கூரைய விரிச்சா, வண்டிக்கு முட்டுக் கால் இறக்கினா அது கேம்பிங். இதான் இங்க போக்குவரத்து இலாகாவோட கணக்கு. கேம்பிங்னு ஆயிட்டா மாநிலமும் ஊரும் அவனவன் சட்டம் போடுவான். பீச்சுலயும் நேச்சுரல் பார்க்லயும் ராத்திரி நிக்கிற ஆசையே வேணாம்.

ரேக்ல சைக்கிள் வண்டிக்குப் பின்னாடி நீட்டிட்டு இருந்தா வி-20 தகடு, 50க்கு 50 சென்டிமீட்டர், சிவப்பு வெள்ளைச் சாய்வுப் பட்டை, கட்டாயம். செல்வம் அண்ணன் மாட்டியிருக்காரான்னு கேளுங்க. ஊருக்கு வெளிய ரோட்ல சைக்கிள் ஓட்டினா ஹெல்மெட்டும் கட்டாயம்.

நேரம் பத்தி யாரும் பேசல. ஸ்பெயின் இருக்குறது இங்கிலாந்துக்கு நேர் கீழ, கடிகாரம் ஓடுறது ஜெர்மனி நேரத்துல. அக்டோபர் 20 வாக்குல எக்ஸ்ட்ரெமதுரா பக்கம் காசெரெஸ்ல விடியவே எட்டே முக்கால் ஆகும். ஆறு மணிக்கு அலாரம் வச்சு ஹெட்லைட் போட்டுக்கிட்டு சைக்கிள் மிதிச்ச நம்மாளுங்கள நான் பாத்திருக்கேன். மாசக் கடைசி ஞாயிறு கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளினப்புறம் சாயங்காலம் ஆறரைக்கே இருட்டிரும், ரெண்டு பக்கமும் இடி.

வேட்டை. கருப்பும் வெள்ளையும் குறுக்கா வெட்டின சின்னத் தகடு மரத்துல வேலியில இருந்தா அது வேட்டை நிலம். அக்டோபர் நடுவுலேர்ந்து சனி ஞாயிறு காட்டுப்பன்னி வேட்டை, பாதைய மறிச்சு போர்டு வச்சிருப்பான், ஆரஞ்சு சட்டைக்காரன் திரும்பிப் போன்னா பேசாம திரும்பிருங்க.

கடைசியா ஒண்ணு, இதுல மட்டும் விளையாட்டு வேணாம். கிழக்குக் கடற்கரைப் பக்கம் காஞ்சு கிடக்குற ஓடைய ரம்ப்லா, பர்ராங்கோம்பான். அகலமா, சமமா, நிழலா இருக்கும், மோட்டர்ஹோம் நிறுத்தக் கண்ண இழுக்கும். 2024 அக்டோபர் 29 வலென்சியால அப்படிக் காஞ்சு கிடந்த ஓடைங்கதான் சில மணி நேரத்துல பொங்கி 200 பேருக்கு மேல அடிச்சுட்டுப் போச்சு. மழை பெஞ்சது மேல மலையில, கீழ நிறைய இடத்துல பெருசா மழையே இல்ல. போன்ல எச்சரிக்கை வந்தது ராத்திரி எட்டு மணிக்கு மேல, அப்பவே பல தெருவுல தண்ணி. நம்மூர்ல ஓடையில வீடு கட்டாதன்னு தாத்தா சொல்லுவாரு, அதேதான்.

நாடோடி செல்வம்

மாப்ள, வி-20 மாட்டியிருக்கேன், இத்தாலி போறப்போ வாங்கினது. வேட்டைக்காரர்கிட்ட நானும் மாட்டினேன், எழுதினா மானம் போகும்னு விட்டுட்டேன்.

கார் கட்சி சொன்ன இலவசம் குத்துது, உண்மைதான். அதுக்குன்னே நாங்க ஒரு பழக்கம் வச்சிருக்கோம், எங்க இலவசமா நிக்கிறோமோ அங்க ரொட்டியும் காபியும் அதே ஊர்ல. சோரியா பக்கம் ஒரு ஊர்ல கடையே கிடையாது, காலைல ரொட்டி வேன் ஹாரன் அடிச்சுட்டு வருது, ஆறேழு பாட்டிங்க பையோட நிக்கிறாங்க, வீட்டம்மா ஏழாவதா போய் நின்னா. அந்தம்மாங்க இவ மூக்குத்திய தொட்டுத் தொட்டுப் பாத்துட்டு வீட்டுக் கொல்லையிலேர்ந்து ஒரு பை வால்நட் குடுத்துட்டாங்க, காசு வாங்கல. ஊருக்கு லாபமான்னு கேட்டா, அன்னைக்கு நாங்கதான் கடனாளி.

சந்து விஷயமும் ஒத்துக்கறேன். ஜிபிஎஸ்ஸ நம்பி ஒரு ஊருக்குள்ள விட்டேன், ரெண்டு பக்கமும் பால்கனி, கண்ணாடிய மடக்கி இஞ்ச் இஞ்சா ரிவர்ஸ், பின்னாடி நின்னு கைகாட்டினது ஊர் போஸ்ட்மேன். அப்பவும் ஆனிங் ஓரம் உரசிருச்சு. ஊர் எல்லையில நிறுத்திட்டு சைக்கிள எடுக்கணும்னு அன்னைக்குப் படிச்சேன். ஆனா அதுக்குத்தானே சைக்கிள் கூடவே வேணும்ங்கறேன். வாடகைச் சைக்கிள் வியா வெர்தே ஸ்டேஷன்ல இருக்கும், நான் நிறுத்தின ஊர் எல்லையில இருக்குமா?

கார் கட்சி

வால்நட் கதையோட பேச்ச மாத்திட்டீங்க. எடைக் கேள்வி அப்படியே நிக்குது அண்ணே. மொத்த எடை மட்டும் இல்ல, பின் அச்சு எடையும் பாருங்க. ரேக் பின் சக்கரத்துக்கு ரெண்டு மீட்டர் பின்னாடி தொங்குது, கிணத்து ஏத்தம் மாதிரி, அங்க 60 கிலோ தொங்கினா முன்னாடி தூக்கி பின் அச்சுல 80, 90 கிலோவா உக்காரும். நீங்க பிரிட்டன்ல 1997க்கு அப்புறம் லைசன்ஸ் எடுத்தவரு, 3,500 கிலோவுக்கு மேல ஓட்ட உரிமையே கிடையாது. ஸ்பெயின்ல போலீஸ் நிறுத்தி எடை போட்டா நான் பணம் அனுப்ப மாட்டேன்.

பாரிஸ் வதனி

அண்ணா, உத மட்டும் போட்டுப் பாருங்கோ. நாங்கள் போட்டுப் பாத்துத்தான் பிள்ளைட சைக்கிளை வீட்டில விட்டனாங்கள், ஒரு கிழமை முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிஞ்சவள்.

நாடோடி செல்வம்

சனிக்கிழமை பக்கத்து ஊர் எடை மேடைக்குப் போனேன். போன வருஷம் எப்படிப் போனோமோ அப்படியே ஏத்தி, தண்ணி ஃபுல், ரெண்டு பேரும் உள்ள. மொத்தம் 3,590. பின் அச்சு லிமிட் 2,000, காட்டினது 2,070. நாலு வருஷமா இப்படியே ஓட்டியிருக்கேன்னு நினைச்சா வயித்தக் கலக்குது.

தண்ணிய 20 லிட்டரா வச்சா 80 கிலோ போயிரும், மொத்தம் 3,510. இன்னும் 10 கிலோ. கிரைண்டர் சரியா 11 கிலோ, அத இறக்கிரலாம்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். வீட்டம்மா எடைச் சீட்டைக் கையில வாங்கி, "கிரைண்டர் உங்க சீட்டுக்குப் பின்னாடி இருக்கு, உங்களுக்கு இடிக்கிறது பின் அச்சு, பின்னாடி தொங்கறது எது?" ன்னு கேக்குறா. குசும்பன் தம்பி, ஆமா, உங்கூர்ல செஞ்ச கிரைண்டர்தான், சந்தோஷமா?

மத்ரித் மாப்ள, லா வேராவுல ஹராயிஸ் பக்கம் ஒரே ஒரு ஈ-பைக் வாடகைக்கு எங்கயாச்சும் கிடைக்குமான்னு விசாரிச்சுச் சொல்லுப்பா. கார் கட்சி, சிரிக்காத.