ஒரே ஒரு தடவை காதில் விழுந்த கிதார்

பாம்பன் வாடை:
1979 வாடைக்காலம், அப்பா கடலுக்குப் போகாத ஒரு ராத்திரி. முருங்கைக்கும் தென்னைக்கும் நடுவே இழுத்துக் கட்டிய செம்புக்கம்பிதான் எங்கள் ஏரியல். இலங்கை வானொலியில் கே.எஸ். ராஜா குரலைத் தேடி முள்ளை நகர்த்தினேன். மயிரிழை தள்ளிப்போனதும் ஒரு எலெக்ட்ரிக் கிதார். நம் சினிமாப் பாட்டுகளில் அது ஓரமாக எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். இது நடுவீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது. பாஷை புரியவில்லை. அலை மாதிரி ஏறுவதும் தேய்வதுமாக இருந்தது. திண்ணையில் படுத்திருந்த அப்பா எழுந்து வந்து கம்பியைக் கையால் பிடித்தார். சத்தம் சட்டென்று தெளிந்தது. பாட்டு முடியும்வரை கையை எடுக்கவில்லை. பாட்டுக் கேட்கிற மனிதரே இல்லை அவர். என்னிடம் ஒன்றும் கேட்காமல் திரும்பப் போய்ப் படுத்துவிட்டார்.

அப்பா இப்போது இல்லை. அந்தப் பாட்டு என்னவென்று இன்றுவரை தெரியவில்லை. நம் கரையில் வேறு யாருக்காவது இப்படி வாய்த்திருக்கிறதா?

கீழக்கரைப் பேரன்:
பாம்பன் காக்கா, உங்கள் பதிவைப் படித்ததும் எங்கள் பெரிய மாமாவின் இசைத்தட்டுதான் ஞாபகம் வந்தது. மாமாவுக்குக் கொழும்பில் கடை. 83 கலவரத்துக்குப் பிறகு அங்கே திரும்பிப் போகவில்லை. கொண்டுவந்த பெட்டியில் நிமிஷத்துக்கு 45 சுற்று ஓடும் சின்னத் தட்டு ஒன்று, இலங்கையின் மூன்ஸ்டோன்ஸ் குழுவுடையது. நடுவில் பெரிய ஓட்டை, எங்கள் பிளேயரிலோ மெல்லிய குச்சி. உம்மா வலையில் கட்டுகிற தக்கையை அரிவாள்மனையில் வட்டமாக நறுக்கி, கோணி ஊசியால் துளை போட்டு அந்த ஓட்டையில் பொருத்திக் கொடுத்தார்கள். துளை நட்டநடுவில் விழவில்லை. அதனால் தட்டு ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் அசைய, கிதாரும் பாடுகிறவர் குரலும் நீண்டு நீண்டு குறுகும். நான் அந்தப் பாட்டைக் கற்றுக்கொண்டதே அப்படித்தான். பல வருஷம் கழித்து சரியான பதிவைக் கேட்டபோது, எனக்கு அதுதான் தப்பாகப் பட்டது. எழுந்து வெளியே போய்விட்டேன். உம்மா இறந்து நாற்பது நாள்கூட ஆகாத நேரம் அது.

சிங்களப் பாட்டில் எலெக்ட்ரிக் கிதாரைக் கொண்டுவந்தவர் என்று கிளாரன்ஸ் விஜேவர்தனவைத்தான் சொல்வார்கள். அந்தக் குழு அவருடையது, அறுபதுகளின் பிற்பாதி. அனஸ்லி மாலேவன என்பவரும் அதில் பாடினார். நீங்கள் கேட்டது அதுவாக இருக்கலாம்.

மண்டபம் முகாம் சாலை:
கீழக்கரைத் தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது. அதெல்லாம் நல்ல மெல்லிசை, ராக் ஆகாது. இங்கே பைலா என்கிற இலங்கை ஆட்டப்பாட்டையும் பொப்பையும் ராக்கையும் ஒரே சாக்கில் கட்டுகிறார்கள். நம் நாட்டு ராக் கேட்க வேண்டுமென்றால் சிம்லா பீட் தட்டுகளைத் தேடுங்கள். ஒரு சிகரெட் பிராண்டின் பெயரில் நடந்த போட்டி அது. 1970, 71 இரண்டு வருஷமும் தேர்ந்த குழுக்களைப் பதிவு செய்து எல்பி போட்டார்கள். காலேஜ் வயசுப் பையன்கள் வாசித்தது, அவசரமாகப் பதிவான சத்தம், ஆனால் கிதார் உறுமுகிறது. ஷில்லாங்கின் ஃபென்டோன்ஸ் ஒன்று போதும். பிறகு பம்பாயின் அட்டாமிக் ஃபாரஸ்ட், 'அப்செஷன் 77' என்று ஒரே ஒரு எல்பி. வந்த காலத்தில் இங்கே யாரும் கண்டுகொள்ளவில்லை. அமெரிக்காவில் மறுபதிப்புப் போட்ட பிறகுதான் நம்மவர்களுக்கே பெயர் தெரிந்தது. இது எனக்கு இன்னமும் வயிற்றெரிச்சல்.

என் கதை சின்னது. பக்கத்துக் குவார்ட்டர்ஸில் ஷில்லாங்காரர் ஒருவர் இருந்தார். கரண்ட் போன ராத்திரி, பேட்டரி டேப்பில் ஃபென்டோன்ஸ் போட்டார். ஊரே இருட்டு, பாலத்தில் ரயில் வேறு போய்க்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

பாம்பன் அண்ணே, நீங்கள் கேட்டது இலங்கை வானொலியின் ஆங்கிலச் சேவையாகத்தான் இருக்கும். பாஷை தெளிவாக விழுந்திருக்காது.

தொண்டி ரிப்பேர்:
நான் முப்பது வருஷமாக ரேடியோ, டேப் பழுது பார்க்கிறேன். எந்தச் சேவை என்ற சண்டை எனக்கு வேண்டாம். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். உப்புத்தண்ணீர் மீடியம் வேவ் அலையை நன்றாகக் கடத்தும், நடுவில் தரை இல்லை. அதனால்தான் நமக்குத் திருச்சி வானொலியைவிடக் கொழும்பு தெளிவாகக் கேட்டது. உங்கள் அப்பா கம்பியைப் பிடித்ததும் தெளிந்ததற்குக் காரணம், அவர் உடம்பும் ஏரியலோடு சேர்ந்துகொண்டதுதான்.

தட்டு, கேசட் வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து கேளுங்கள். நம் ஊர்க் காற்றில் மணலும் உப்பும். தட்டை உலர்ந்த துணியால் துடைத்தால் மணலே பள்ளத்தைக் கீறிவிடும். காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு விட்டு, பள்ளத்தின் போக்கிலேயே மெதுவாகக் கழுவுங்கள், லேபிள் நனையக் கூடாது. பழைய 78 தட்டில் ஸ்பிரிட் படவே கூடாது, அது அரக்கு, கரைந்துவிடும். கேசட்டில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் பிளேயரில் போடாதீர்கள், ஹெட்டிலும் ஒட்டி அடுத்த கேசட்டையும் கெடுக்கும். ஸ்குரூ போட்ட கூடு என்றால் திறந்து, நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை முழுக்க ஓட்டித் திருப்பிச் சுற்றுங்கள். ஸ்பீக்கர் பக்கத்தில் அடுக்காதீர்கள், காந்தம் இருக்கிறது.

கீழக்கரைத் தம்பி, அந்தத் தக்கையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கீழக்கரைப் பேரன்:
போடவில்லை. தட்டிலேயே இருக்கிறது. ராக்கா இல்லையா என்று மண்டபம் அண்ணன் முடிவு செய்துகொள்ளட்டும், எங்கள் வீட்டில் அதைக் கேட்டு ஆடினோம்.

பாம்பன் வாடை:
மண்டபம் அண்ணே, ஆங்கிலச் சேவை இல்லை. பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர் பேச்சில் 'ஆயுபோவன்' என்று ஒரு வார்த்தை தெளிவாக விழுந்தது, அது சிங்களத்தில் சொல்கிற வணக்கம். தொண்டி அண்ணே, அப்பாவின் கை பற்றி நீங்கள் எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். இரண்டு தடவை படிக்கச் சொன்னார்கள்.

கீழக்கரைத் தம்பி சொன்ன மூன்ஸ்டோன்ஸ் பாட்டுகளை மூன்று ராத்திரியாகக் கேட்டேன். என் பாட்டு அதில் இல்லை. ஆனால் கிதாரின் குரல் அதே குடும்பம். தொடக்கத்தில் இரண்டு சுரம் மேலே ஏறும், மூன்றாவது சட்டென்று கீழே இறங்கி, அங்கேயே நின்று அதிரும். பிறகுதான் டிரம்ஸ். இப்படித் தொடங்குகிற பாட்டு யாருக்காவது தெரிந்தால் இங்கேயே எழுதுங்கள், எத்தனை மாதம் ஆனாலும் வந்து பார்ப்பேன்.