ஒரே கிண்ணத்தில் சாப்பிட்ட இன்னொரு பூனைக்கும் வந்திருக்குமா?

எங்கள் சுண்டு செவ்வாய்க்கிழமை போய்விட்டான். 14 மாதம்தான். ஈறு வெளுத்து, எடை குறைந்து, கடைசியில் நெத்திலியைக்கூட மோந்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். பூனை லுக்கேமியா வைரஸ், குணமாக்க மருந்தில்லை என்றார் டாக்டர். மீன்காரர் ஹாரன் கேட்டால் இன்னும் வாசலைப் பார்க்கிறேன். மூத்தவள் மீனாவும் அதே கிண்ணம்தான். அவளுக்கு?

பதில் 1: எச்சில் வழியாகத்தான் முக்கியமாகப் பரவும். ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். நெகட்டிவ் வந்தாலும் சில வாரம் கழித்து மறுபடி. குட்டிகளைவிட வளர்ந்த பூனைக்குத் தாங்கும் சக்தி அதிகம், இப்போதே பயப்படாதீர்கள்.

பதில் 2: கிண்ணத்தைத் தூக்கிப் போடாதீர்கள். உடம்புக்கு வெளியே அந்த வைரஸ் ரொம்ப நேரம் தாங்காது, சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். எங்கள் குட்டியின் கிண்ணம் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. அது வேறு கதை.

கேட்டவர்: சரிங்க, நாளைக்கே ரத்தம் கொடுக்கிறோம். சுண்டுவின் கூடையில் அவன் முடி அப்படியே இருக்கிறது. மீனா அதில்தான் தூங்குகிறாள்.