ஜெர்மனி, சுவிஸ், இத்தாலி, லண்டன்: ஒரே ஷெங்கன் விசாவில் சாம்பிள் பெட்டியோடு போய்வர முடியுங்களா?

நொய்யல்கரை, திருப்பூர்

வணக்கமுங்க. பையர் (நம்ம துணியை வாங்கற கம்பெனி) மீட்டிங்குக்கு நானும், ஆர்டரைப் பார்த்துக்கற எங்க மெர்ச்சண்டைசரும் ஐரோப்பா போகோணும். ஏஜென்ட் போட்டுக் கொடுத்த பிளான் இது: ஃபிராங்ஃபர்ட்ல இறங்கி ஜெர்மனியில 4 ராத்திரி, அங்கிருந்து லண்டன் 3 ராத்திரி, அப்புறம் சூரிக் 2 ராத்திரி, கடைசியா இத்தாலியில பிரெஷியா பக்கம் நிட்டிங் மெஷின் பார்க்க 4 ராத்திரி, மிலன்ல இருந்து ஊருக்கு. ரெண்டு பெட்டி நிறைய சாம்பிள் இருக்கும், டீ-ஷர்ட், பாடி சூட், துணி ஸ்வாட்ச் (மாதிரித் துண்டு).

கேள்வி மூணுங்க. ஜெர்மனியும் இத்தாலியும் நாலு நாலு ராத்திரி வருது, எந்த நாட்டுக்கு விசா போடறது? சிங்கிள் என்ட்ரி போதும்னு ஏஜென்ட் சொல்றார், சரிங்களா? சுவிஸ் ஐரோப்பிய யூனியன்ல இல்லைங்கறாங்க, அங்க நுழையத் தனி விசா வேணுமா, சாம்பிளுக்கு ஏதாவது கேப்பாங்களா?

காங்கயம் மேடு

சிங்கிள் என்ட்ரி இந்தப் பிளானுக்கு ஆகாதுங்க. ஷெங்கன் என்பது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு; பிரிட்டன் அந்தப் பகுதியில் இல்லை. ஜெர்மனியிலிருந்து லண்டனுக்கு விமானம் ஏறும்போதே ஷெங்கனை விட்டு வெளியேறியதாகப் பதிவாகிவிடும். விசாவில் நாள் மிச்சமிருந்தாலும் அந்த ஒரு நுழைவு முடிந்தது. லண்டன் விமான நிலையத்தில் சூரிக் விமானத்துக்குச் செக்-இன் செய்யும்போதே ஏற்ற மாட்டார்கள்.

வழி எளிது. லண்டனைக் கடைசிக்குத் தள்ளி, ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டை லண்டனிலிருந்தே எடுங்கள். அப்போது ஷெங்கனுக்குள் ஒரே நுழைவு, ஒரே வெளியேற்றம். விண்ணப்பத்தில் மல்டிபிள் என்ட்ரியே கேளுங்கள், அதில் தவறில்லை. ஆனால் ஒரு நுழைவு மட்டும் கொடுத்தாலும் பயணம் உடையாத மாதிரி வரிசை இருக்க வேண்டும்.

லண்டனிலிருந்து திரும்பும் விமானம் ஷெங்கன் பகுதி நகரம் ஒன்றில் மாறுவதாக எடுக்காதீர்கள். வெளியே வராமல் விமானம் மட்டும் மாறினாலும் இந்தியரிடம் விமான நிலைய இடைமாற்ற விசா கேட்கும் நாடுகள் உண்டு. உங்கள் ஷெங்கன் நுழைவு ஏற்கெனவே தீர்ந்திருக்கும். வளைகுடா வழியாக, ஒரே டிக்கெட்டாக எடுத்தால் இந்தச் சிக்கலே இல்லை.

எந்த நாட்டுக்குப் போடுவது என்றால்: பயணத்தின் முக்கிய நோக்கம் எங்கே, அதிக நாள் எங்கே என்று முதலில் பார்ப்பார்கள். இரண்டும் சமமாக இருந்தால் எந்த நாட்டின் வழியாக முதலில் ஷெங்கனுக்குள் நுழைகிறீர்களோ அந்த நாடு. உங்களுக்கு இரண்டு இடத்திலும் தொழில் வேலை, இரண்டு இடத்திலும் 4 இரவு, இறங்குவது ஃபிராங்ஃபர்ட். ஆகவே ஜெர்மனி. இத்தாலியில் ஒரு இரவு கூட்டினால் கணக்கு இத்தாலிக்குச் சாயும். அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் கிடைக்கிறது என்பதற்காக ஒரு நாட்டில் விசா வாங்கி, அங்கே போகாமல் வேறு நாட்டில் சுற்றுவது மட்டும் வேண்டாம். எல்லையில் ஹோட்டல் புக்கிங்கைக் கேட்டால் மாட்டும், விசாவையே ரத்து செய்யலாம்.

சுவிஸுக்குத் தனி விசா தேவையில்லை. யூனியனில் இல்லாவிட்டாலும் அது ஷெங்கனில் இருக்கிறது, நார்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன் போலவே. இதற்கு நேர்மாறு அயர்லாந்தும் சைப்ரஸும்: யூனியனில் உண்டு, ஷெங்கனில் இல்லை. குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் உள்ளே வந்துவிட்டது. ருமேனியாவும் பல்கேரியாவும் 2024 மார்ச் 31-இல் விமான, கடல் வழிக்கும், 2025 ஜனவரி 1-இல் சாலை வழிக்கும் சேர்ந்தன. மொத்தம் 29 நாடு. பழைய வலைப்பக்கங்களில் 26 என்று இருக்கும், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

சென்னிமலைத் தறி

மேலே விசா விஷயம் முழுசா வந்துடுச்சு. சாம்பிளுக்கு வர்றேனுங்க, நம்ம ஊர்க்காரங்க அதிகம் சிக்கறது இங்கதான். ஆளுக்கு ஒரு எல்லை, சரக்குக்கு வேற எல்லை. ஜெர்மனியிலிருந்து சுவிஸ் போனா பாஸ்போர்ட் கவுன்ட்டர் கிடையாது, ஆனா சுங்கம் உண்டு. சுவிஸ் ஐரோப்பிய சுங்க ஒன்றியத்துல இல்லை.

பையருக்குக் காட்டற உடுப்பு சொந்தத் துணி ஆகாது. சுற்றுலாப் பயணிக்கு உண்டான வரிவிலக்கு தொழில் சரக்குக்குப் பொருந்தாது. பெட்டியில ஒரே டிசைன் அஞ்சு சைஸ்ல, டேக்கோட இருந்தா பார்த்ததுமே தெரிஞ்சுடும். பச்சை வழியில (சுங்கத்துக்குச் சொல்ல எதுவும் இல்லைங்கறவங்க போற வழி) நடந்துட்டு மாட்டினா வரியோட அபராதமும் சேரும்.

சுலபமான வழி: சாம்பிளை விற்க முடியாதபடி ஆக்கிடறது. ஒவ்வொரு உருப்படியிலும் கண்ணுக்குத் தெரியற இடத்துல ஒரு வெட்டு இல்லன்னா ஓட்டை, அல்லது அழியாத மையில "சாம்பிள், விற்பனைக்கு அல்ல"ன்னு அச்சு. உள்பக்க லேபிள்ல மட்டும் அடிச்சா போதாது, லேபிளைப் பிரிச்சுட்டு வித்துடலாமே. ஒரு டிசைனுக்கு ஒரே பீஸ் எடுத்துக்கங்க. கூடவே எண்ணிக்கை, துணி வகை, எடை, சுங்கத்துக்கான மதிப்பு எழுதின புரோஃபார்மா இன்வாய்ஸ் (விற்பனை இல்லாத சரக்குக்கான மாதிரிப் பட்டியல்) ரெண்டு காப்பி. மதிப்பைச் சும்மா பூஜ்யம்னு போடாதீங்க, சந்தேகம் வர்றதே அங்கதான். ஸ்வாட்ச் அட்டைக்குப் பெரிசா தொந்தரவு இல்லை.

பையர் போட்டுப் பார்க்கோணும், வெட்டக்கூடாதுன்னா ஏடிஏ கார்னெட் எடுக்கோணும், அதாவது சரக்கை வரி கட்டாம தற்காலிகமா கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவர்றதுக்கான சுங்கப் பத்திரம். இந்தியாவுல ஃபிக்கிங்கற வர்த்தக சபைக் கூட்டமைப்பு தர்றாங்க, ஒரு வருஷம் செல்லும், பிணைத்தொகை கட்டோணும். நம்ம ஏர்போர்ட்ல கிளம்பறப்ப மஞ்சள் தாள்ல முத்திரை, போற ஒவ்வொரு சுங்கப் பகுதியிலும் நுழையறப்ப ஒரு வெள்ளைத் தாள், வெளியேறறப்ப ஒரு வெள்ளைத் தாள், திரும்பி வந்ததும் மறுபடி மஞ்சள். யூனியன் முழுக்க ஒரே பகுதி. ஜெர்மனி, சுவிஸ், இத்தாலி, லண்டன்னு போனா யூனியனுக்குள்ள ரெண்டு தடவை நுழையறீங்க, அப்ப வெள்ளை ஜோடி நாலு வேணும். ஜெர்மனி, இத்தாலி, சுவிஸ், லண்டன்னு மாத்திட்டா மூணு ஜோடி போதும். விசா கணக்கு இதனால மாறாது, முதல் நுழைவு அப்பவும் ஃபிராங்ஃபர்ட்தான்.

கெடறது எங்கன்னா, மிலன்ல இருந்து ரயில்ல சூரிக் போறப்ப வண்டி எல்லை ஸ்டேஷனான கியாசோவைத் தாண்டிடும், முத்திரை விழாது. வெளியேறின முத்திரை இல்லைன்னா சரக்கு இத்தாலியிலேயே தங்கிடுச்சுன்னு அர்த்தம், பின்னால வரி கேட்டு ஃபிக்கிக்கு நோட்டீஸ் வரும், உங்க பிணைத்தொகையில கை வைப்பாங்க. அதனால கார்னெட்டோட போனா விமானத்துல போங்க. மிலன் ஏர்போர்ட்டான மல்பென்சால பெட்டியைச் செக்-இன் போடறதுக்கு முன்னாலயே சுங்கத்துல காட்டி முத்திரை வாங்குங்க, பெட்டி பெல்ட்ல போயிட்டா வாங்க முடியாது. சூரிக்ல இறங்கி, சுங்கத்துக்குக் காட்ட சரக்கு இருக்கறவங்க போற சிவப்பு வழியில போங்க.

இதையெல்லாம் விட நல்லது, சுவிஸ் பையருக்கும் லண்டன் பையருக்கும் சாம்பிளைத் திருப்பூர்ல இருந்தே தனித்தனியா கூரியர்ல அனுப்பிடறது. கூரியர்காரங்களே சுங்கம் பார்த்துக்குவாங்க. கையில ஸ்வாட்ச் அட்டையும் லேப்டாப்பும் போதும். ரெண்டு பெட்டி சாம்பிளுக்குக் கார்னெட் எடுக்கறது என் கணக்குல வீண் செலவு.

நொய்யல்கரை, திருப்பூர்

ரொம்ப நன்றிங்கண்ணா ரெண்டு பேருக்கும். ஜெர்மனி, இத்தாலி, சுவிஸ், லண்டன்னு வரிசையை மாத்திடறோம், கூரியரும் போட்டுடறோம். இன்னும் ரெண்டு. விசாவுக்கு என்னென்ன பேப்பர், எப்ப போடறது? தங்கச்சி பையன் ஜெர்மனியில ஆகன் ஊர்ல எம்.எஸ். படிக்கிறான், அவனையும் சுவிஸ், இத்தாலிக்குக் கூட்டிப் போலாமுங்களா?

ஈரோடு மணிக்கூண்டு

தங்கச்சி பையனிடம் ஜெர்மன் குடியிருப்பு அட்டை செல்லுபடியில் இருந்தால் தாராளமாக வரலாம். அட்டை, பாஸ்போர்ட் இரண்டும் கையில் இருக்க வேண்டும், போட்டோ காப்பி செல்லாது. ஜெர்மனிக்கு வெளியே மற்ற ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள் வரை இருக்கலாம். ஜெர்மனியில் இருக்கும் நாள் அந்த 90-இல் சேராது. லண்டனுக்கு மட்டும் அவருக்கும் தனி விசா வேண்டும்.

இனி உங்கள் விண்ணப்பம். பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்து போடலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது போட்டாக வேண்டும். முடிவுக்குச் சாதாரணமாக 15 நாள், கூடுதல் விசாரணை என்றால் 45 நாள் வரை. பிரிட்டன் விசாவுக்கு 3 மாதம் முன்பிருந்துதான் போட முடியும், மூன்று வாரம் பிடிக்கும். ஷெங்கனுக்குக் கொடுத்த பாஸ்போர்ட் முடிவு வரும்வரை அவர்களிடமே இருக்கும் என்பதால் இரண்டையும் ஒரே சமயத்தில் ஓட்டுவது சிரமம். நான்கு மாதம் முன்பே ஷெங்கனை முடித்து, பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் பிரிட்டனுக்குப் போடுங்கள். கைரேகைக்கு இருவரும் நேரில் சென்னை போக வேண்டும், சேரன் எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் இறங்கிக்கொள்ளலாம். ஒருமுறை கொடுத்த ரேகை 59 மாதம் அவர்கள் கணினியில் இருக்கும்.

கட்டணம் ஆளுக்கு 90 யூரோ, 2024 ஜூன் 11 முதல் இதுதான். மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பாஸ்போர்ட் 10 வருடத்துக்குள் வழங்கப்பட்டதாக, ஷெங்கனை விட்டு வரும் தேதிக்குப் பின் குறைந்தது 3 மாதம் செல்லுபடியாக, இரண்டு வெற்றுப் பக்கத்தோடு இருக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது, ஷெங்கன் முழுவதற்கும் செல்ல வேண்டும். லண்டன் நாட்களுக்கும் சேர்த்து எடுத்துவிடுங்கள்.

தொழில் பேப்பரில் முக்கியம் பையரின் அழைப்புக் கடிதம். யாரை, எதற்கு, எந்தத் தேதியில், செலவு யாருடையது என்பது நான்கும் அதில் இருக்க வேண்டும். ஜெர்மன் பையர் ஒன்று, இத்தாலிய மெஷின் கம்பெனி ஒன்று, சுவிஸ் பையர் ஒன்று என மூன்றும் வாங்குங்கள். கடிதத் தேதி, ஹோட்டல் தேதி, விமானத் தேதி ஒன்றோடொன்று இடிக்கக் கூடாது. பயண வரிசையை மாற்றியிருப்பதால் பழைய தேதியில் வந்த கடிதம் இருந்தால் திருத்தி வாங்கியாக வேண்டும். ஜிஎஸ்டி பதிவு, ஐஇசி (ஏற்றுமதி இறக்குமதிக்கான பதிவு எண்), வருமான வரித் தாக்கல், கம்பெனி மற்றும் சொந்தக் கணக்கின் பேங்க் ஸ்டேட்மென்ட் சேருங்கள். மெர்ச்சண்டைசருக்குச் சம்பளச் சீட்டும், விடுப்பு அல்ல, அலுவல் பயணம் என்று சொல்லும் கம்பெனிக் கடிதமும். விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் கணக்கில் மொத்தமாகப் பணத்தைக் கொட்டுவது சந்தேகத்தைத்தான் கிளப்பும். ஷிப்மென்ட் பணம் வந்ததென்றால் பேங்க் அட்வைஸை (பணம் வந்ததற்கு வங்கி தரும் சீட்டை) கூடவே வையுங்கள்.

நம் பக்கம் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக, ஒற்றைப் பெயரோடு இருப்பது சகஜம். விண்ணப்பம், காப்பீடு, டிக்கெட், அழைப்புக் கடிதம் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். ஒன்றில் அப்பா பெயரை விரித்து எழுதி, இன்னொன்றில் இனிஷியல் போட்டால் இரு வேறு ஆள் மாதிரி ஆகிவிடும்.

ஜெர்மனி மறுத்தால் முன்பு தூதரகத்துக்கே மறுபரிசீலனை மனு எழுதலாம். 2025 ஜூலை 1 முதல் அந்த வழியை எடுத்துவிட்டார்கள். பெர்லின் நிர்வாக நீதிமன்றம் போக வேண்டும், இல்லையென்றால் குறையைச் சரிசெய்து புதிதாகப் போட வேண்டும். முதல் தடவையே கச்சிதமாகக் கொடுப்பது அதனால் இப்போது இன்னும் அவசியம்.

காங்கயம் மேடு

பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா கைக்கு வந்ததும் அங்கேயே நின்று படியுங்கள். செல்லுபடித் தேதி வேறு, தங்கும் நாள் வேறு. செல்லுபடி ஒரு மாதம் என்று இருக்கும், தங்கும் நாள் 12 என்று இருக்கும். அந்த 12-தான் உங்கள் கணக்கு. இறங்கும் நாள், கிளம்பும் நாள் இரண்டும் சேரும், ஆகவே உங்கள் 10 இரவு 11 நாள். பெயர், பாஸ்போர்ட் எண் தப்பாக இருந்தால் உடனே சொல்லித் திருத்துங்கள்.

2025 அக்டோபர் 12 முதல் வெளி எல்லையில் முத்திரைக்குப் பதில் முகத்தைப் படம் பிடித்துக் கணினியில் நுழைவு, வெளியேற்றம் பதியும் முறை படிப்படியாக வந்தது. அனுமதித்ததைவிட ஒரு நாள் அதிகமாகத் தங்கினாலும் தானாகக் காட்டிவிடும். இதற்கு முன்பதிவும் இல்லை, கட்டணமும் இல்லை. எட்டியாஸ் அனுமதி விசா தேவைப்படாத நாட்டாருக்கானது, அதை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

உள் எல்லையிலும் பாஸ்போர்ட் பையிலேயே இருக்கட்டும். ஜெர்மனி 2024 செப்டம்பர் 16-இல் தன் எல்லாத் தரை எல்லைகளிலும் தற்காலிகச் சோதனையைத் தொடங்கி நீட்டித்து வந்திருக்கிறது. பஸ்ஸிலும் ரயிலிலும் ஏறிக் கேட்பார்கள். இத்தாலியில் ஹோட்டலில் பாஸ்போர்ட்டைப் பதிய வாங்குவார்கள், கொடுத்துவிடுங்கள். ஹோட்டல் இல்லாமல் தெரிந்தவர் வீட்டில் தங்கினால் 8 நாளுக்குள் காவல் அலுவலகத்தில் நீங்களே தெரிவிக்க வேண்டும்.

பவானி கூடுதுறை

இதே மாதிரி செர்பியாவையும் சேர்க்க நினைக்கறவங்களுக்கு ஒரு சேதிங்க. இந்தியருக்கு விசா இல்லாம விட்டது 2023 ஜனவரி 1-ஓட முடிஞ்சுது. செல்லுபடியாகற ஷெங்கன் விசா இருந்தா இப்பவும் விடறாங்க. ஆனா பெல்கிரேடு போயிட்டு மறுபடி ஹங்கேரிக்குள்ள வர ரெண்டாவது நுழைவு வேணும். லண்டனுக்குச் சொன்ன அதே கணக்கு.

ரெண்டாவது விசாவையும் ஒழுங்கா முடிச்சவங்க அடுத்த தடவை மறக்காம நீண்ட விசா கேளுங்க. 2024 ஏப்ரல் 18-ல இந்தியருக்குன்னே வந்த ஏற்பாடு இது: மூணு வருஷத்துக்குள்ள ரெண்டு விசா வாங்கி முறையா உபயோகிச்சிருந்தா ரெண்டு வருஷ மல்டிபிள் என்ட்ரி, அதுக்கப்புறம் அஞ்சு வருஷம். பாஸ்போர்ட்ல அத்தனை வருஷம் பாக்கி இருந்தாத்தான் கிடைக்கும், குறைவா இருந்தா கோயமுத்தூர் ஆபீஸ்ல முதல்லயே புதுப்பிச்சுட்டு அப்புறம் போடுங்க. பழைய விசா ஒட்டின பாஸ்போர்ட்டையும் சேர்த்து வைக்கோணும்.