ஒராண்டா தங்கமீன் வாலில் வெள்ளைப் புள்ளி: மெத்திலீன் ப்ளூ ஊற்றலாமா?

கூழாங்கல்:
80 லிட்டர் தொட்டி, ஸ்பாஞ்ச் ஃபில்டர், 3 ஒராண்டா. மூன்றாவது மீன் வந்து ஒரு வாரம் ஆகிறது. அதன் வாலிலும் முதுகுத் துடுப்பிலும் ரவை தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். மற்ற இரண்டும் கல்லில் உடம்பைத் தேய்க்கின்றன, அடிக்கடி மேலே வந்து வாயைத் திறக்கின்றன. தண்ணீர் 29 டிகிரி. கடையில் மெத்திலீன் ப்ளூ என்ற நீல மருந்தைச் சொன்னார்கள். ஊற்றலாமா?

செவுள்:
வேண்டாம். மெத்திலீன் ப்ளூ, ஸ்பாஞ்சில் இருந்து மீன் கழிவின் அம்மோனியாவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாவைக் கெடுத்துவிடும், தொட்டியின் சிலிக்கான் ஓரமெல்லாம் நீலமாகிவிடும்.

செவுள் மூடியிலும் மார்புத் துடுப்பின் முன் விளிம்பிலும் மட்டும் புள்ளி இருந்தால் அது ஆண் மீனுக்கு இனப்பெருக்கப் பருவத்தில் வரும் பரு. அதற்கு மருந்தே தேவையில்லை. உங்கள் மீனுக்கு வாலில் சிதறியிருக்கிறது, மற்றவையும் தேய்க்கின்றன, அதனால் வெள்ளைப் புள்ளி நோயைத் தரும் இக் என்ற ஒட்டுண்ணிதான்.

ஆனால் வாய் திறப்பதை இக் கணக்கிலேயே எழுதிவிடாதீர்கள். இக் செவுளைத் தாக்கினாலும் அப்படிச் செய்யும், அம்மோனியா ஏறினாலும் செய்யும். இந்த அளவுத் தொட்டிக்கு 3 ஒராண்டா அதிகம். அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் இன்றே டெஸ்ட் செய்யுங்கள், இரண்டும் 0 காட்ட வேண்டும். இல்லையென்றால் குளோரினை நீக்கும் ஆன்டி குளோரின் கலந்த புதுத் தண்ணீரால் தொட்டித் தண்ணீரில் பாதியை மாற்றுங்கள். இரண்டு நாள் தீனி வேண்டாம்.

உப்புக்கல்:
உப்பில் தொடங்கலாம். மீன் மேல் ஒட்டியிருக்கும் புள்ளியை உப்பும் தொடாது, மருந்தும் தொடாது. புள்ளிக்குள் இருக்கும் ஒட்டுண்ணி முதிர்ந்து கீழே விழுந்து, கூடு கட்டி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளை வெளியே விடும். அவை நீந்தி மீனைத் தேடும் நேரத்தில்தான் சாகும். அதனால்தான் ஒரே நாள் வைத்தியத்தில் இது போகாது.

அளவு லிட்டருக்கு 3 கிராம். 80 லிட்டருக்கு 240 கிராம் கல் உப்பு, 12 மணி நேர இடைவெளியில் 80 கிராமாக மூன்று தடவை. ஸ்பூனில் அளக்காமல் தராசில் நிறுங்கள், கல் உப்பில் ஸ்பூனுக்கு ஸ்பூன் எடை மாறும். தனியாகக் கரைத்துத்தான் ஊற்ற வேண்டும், கல்லாகப் போட்டால் மீன் அதன் மேல் உட்கார்ந்து தோல் புண்ணாகும்.

தினமும் அடியை சைஃபன் செய்து (குழாயால் உறிஞ்சி) 20 லிட்டர் எடுங்கள், கூடுகள் அங்கேதான் கிடக்கும். புதுத் தண்ணீர் 20 லிட்டருக்கு 60 கிராம் உப்பு மட்டும். உப்பு ஆவியாகாது, ஆகவே ஆவியான அளவை நிரப்பும்போது உப்பு சேர்க்கக் கூடாது. பலரும் தவறுவது இந்த இடத்தில்தான்.

ஹீட்டர் வேண்டாம், 29 டிகிரியே போதும். சூடு ஏறினால் ஆக்சிஜன் குறையும், ஏர் ஸ்டோன் இன்னொன்று போடுங்கள்.

முதல் இரண்டு மூன்று நாளில் புள்ளி கூடலாம். தோலுக்குள் ஏற்கனவே புகுந்தவை வளர்ந்து கண்ணுக்குத் தெரிகின்றன, அவ்வளவுதான். பயந்து மருந்தை மாற்றாதீர்கள். ஐந்து நாளுக்குப் பிறகும் புதுப் புள்ளி வந்தால் மலாக்கைட் கிரீன் கலந்த இக் மருந்துக்குப் போகலாம், லேபிள் அளவைத் தாண்டாமல், கையுறை போட்டு.

கூழாங்கல்:
நன்றி. வாலிஸ்னேரியா செடி இருக்கிறது, எடுத்துவிட வேண்டுமா? எத்தனை நாள் உப்பு?

செவுள்:
எடுத்துவிடுங்கள். மீனில்லாத வாளியில் இரண்டு வாரம் வைத்தால் ஒட்டி வந்த குஞ்சுகளும் மீன் கிடைக்காமல் செத்துவிடும். கடைசிப் புள்ளி மறைந்து 7 நாள் வரை உப்பு இருக்கட்டும், பிறகு உப்பில்லாத தண்ணீரால் தடவைக்குக் கால் பங்காக மாற்றிக் குறையுங்கள். ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் காட்டாமல், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள்.

உப்புக்கல்:
இந்தத் தொட்டியில் நனைந்த வலை, சைஃபன் குழாய் எதையும் வேறு தொட்டிக்குக் கொண்டுபோகாதீர்கள். வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகு பயன்படுத்தலாம்.