கையில் கட்டும் பேண்ட் 172 காட்டுகிறது, மார்புப் பட்டை வாங்கலாமா?

ரேஸ்கோர்ஸ்காரன்

வணக்கம். வயது 46, ஊர் கோயம்புத்தூர். ஒரு வருடமாகக் காலையில் ரேஸ்கோர்ஸில் நடக்கிறேன், கடந்த மூன்று மாதமாக நடையோடு கொஞ்சம் மெதுவோட்டமும். வாரத்தில் இரண்டு நாள் ஜிம். கையில் கட்டியிருப்பது ஒரு சாதாரண ஃபிட்னஸ் பேண்ட், கம்பெனி பெயர் வேண்டாம், தள்ளுபடியில் இரண்டாயிரத்துக்குள் வாங்கியது.

பிரச்சினை இதுதான். நடக்கும்போது 105, 110 என்று ஒழுங்காகக் காட்டுகிறது. ஓட ஆரம்பித்த இரண்டாவது நிமிடம் சட்டென்று 172-க்குத் தாவி அங்கேயே நிற்கிறது. 220-இல் வயதைக் கழித்தால் எனக்கு உச்சமே 174. அந்தக் கணக்குப்படி நான் மூச்சு வாங்கி விழுந்திருக்க வேண்டும், ஆனால் பக்கத்தில் ஓடும் நண்பரோடு ஊர்க்கதை பேசிக்கொண்டுதான் போகிறேன். ஜிம்மிலோ நேர்மாறு, டம்பெல் தூக்கி வியர்த்துக் கொட்டும்போது 92 என்கிறது.

மார்பில் கட்டும் பட்டை வாங்கலாமா, நல்ல வாட்ச்சாகவே வாங்கிவிடலாமா? ஆறாயிரம், மிஞ்சிப்போனால் ஏழாயிரம் வரை செலவழிக்கலாம். நம்மைப் போன்ற கறுத்த தோலுக்கு பேண்டின் அடியில் எரியும் அந்தப் பச்சை விளக்கு வேலையே செய்யாது என்று ஜிம்மில் ஒரு தம்பி சொன்னான், அது நிஜமா? பிபிக்கு ஒரு மாத்திரை எடுக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடையாறு_ஓட்டம்

சார், எதையும் வாங்குவதற்கு முன் நாளைக்கு ஒரு காரியம் செய்யுங்கள். பேண்ட் 172-இல் நிற்கும்போது, ஓடிக்கொண்டே உங்கள் வலது கால் தரையில் படுவதை 30 வினாடிக்கு எண்ணுங்கள். அதை நான்கால் பெருக்கினால் ஒரு நிமிடத்துக்கு எத்தனை எட்டு (காலடி) என்று வரும். 170-ஐ ஒட்டி வந்தால் விஷயம் முடிந்தது: பேண்ட் உங்கள் இதயத்தை எண்ணவில்லை, காலை எண்ணுகிறது.

அந்தப் பச்சை விளக்கு தோலுக்குள் ஒளியை அனுப்பி, ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் கூடிக் குறைவதால் திரும்பி வரும் ஒளியில் ஏற்படும் மாற்றத்தைத்தான் பார்க்கிறது. ஓடும்போது கை ஆடுகிறது, ஒவ்வொரு எட்டுக்கும் பேண்டும் ஒரு குலுங்கு குலுங்குகிறது, அந்தக் குலுக்கலும் ஒரே சீராக வருவதால் உள்ளே இருக்கும் கணக்கு எது துடிப்பு எது எட்டு என்று பிரிக்கத் தெரியாமல் எட்டைப் பிடித்துக்கொள்கிறது. ஓடுகிறவர்கள் இதை கேடன்ஸ் லாக் என்பார்கள். எனக்கும் முதல் வாட்ச்சில் இதே கதை. திருவான்மியூர் கடற்கரையில் நின்று "என்னடா இது 180" என்று பயந்து போய் உட்கார்ந்திருக்கிறேன்.

எண்ணி முடித்ததும் நின்று, உடனே கழுத்தில் இரண்டு விரல் வைத்து 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். உடனே என்றால் உடனே, அரை நிமிடம் தாமதித்தாலே துடிப்பு மளமளவென்று இறங்கிவிடும்.

ஜிம் 92-க்குக் காரணம் வேறு. கம்பியை இறுக்கிப் பிடிக்கும்போது மணிக்கட்டு மடங்கி, தசை இறுகி, அந்த இடத்தில் ரத்த ஓட்டமே மாறுகிறது, பேண்டும் தோலை விட்டு லேசாக எழும்புகிறது. எவ்வளவு விலை கொடுத்த வாட்ச்சும் இதில் தடுமாறும்.

தோல் நிறம்: தோலுக்குக் கறுப்பு தரும் மெலனின் பச்சை ஒளியை உறிஞ்சும் என்பது நிஜம்தான், அதனால் இந்தச் சந்தேகம் எல்லோருக்கும் வருகிறது. ஆனால் பல நிறத்தவர்களை வைத்து 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் நிறத்தால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, உடல் அசைவில்தான் பிழை கூடியது. பேண்டுக்கு அடியில் பச்சை குத்தியிருந்தால் மட்டும் தகராறு உண்டு.

ஓய்வுபெற்றவன்

இத்தனை கருவி எதற்கு தம்பி? எனக்கு 67. முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் மிதமான வேகம், இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். நீங்களே ஊர்க்கதை பேசுகிறேன் என்று எழுதிவிட்டீர்கள். அந்த ஏழாயிரத்துக்கு நல்ல ஷூ வாங்குங்கள், முழங்கால் வாழ்த்தும்.

பெடல்_பெருமாள்

பெரியவர் சொல்வது சரிதான், பேச்சுச் சோதனையை டாக்டர்களும் சொல்கிறார்கள். ஆனால் இவர் கேட்டது வேறு. எண்ணைப் பார்த்துப் பயிற்சி செய்யப் பிடித்தவர்களுக்குச் சரியான எண் வேண்டும், தப்பான எண்ணைக் கையில் கட்டிக்கொண்டு திரிவதற்கு வெறுங்கை மேல்.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்குச் சைக்கிள் மிதிக்கிறவன். ஹேண்டில்பாரில் கை மடங்கி, ரோட்டின் அதிர்வெல்லாம் மணிக்கட்டில் ஏறுவதால் வாட்ச் எண் எனக்கு ஒருநாளும் உருப்படியாக வந்ததில்லை. ஐந்து வருடமாக மார்புப் பட்டைதான். அது ஒளியை நம்பவில்லை, இதயத்தின் மின்துடிப்பையே தோலிலிருந்து எடுக்கிறது, ஈசிஜி எடுக்கிற அதே சங்கதி. முப்பது வினாடி வேகமாக மிதித்தால் அந்த முப்பது வினாடிக்குள்ளேயே எண் ஏறுவதைப் பார்க்கலாம். மணிக்கட்டுக் கருவிகள் பலதும் நீங்கள் ஓய்ந்து தண்ணீர் குடிக்கும்போதுதான் ஏறத் தொடங்கும்.

உங்கள் பட்ஜெட்டுக்கு போலார் கம்பெனியின் எச்9 பட்டை போதும். எச்10-இல் கூடுதலாக உள்ளே ஒரு பயிற்சியைப் பதிந்து வைக்கும் நினைவகம் உண்டு, ஒரே நேரத்தில் இரண்டு புளூடூத் கருவிகளோடு பேசும். ஜிம் டிரெட்மில்லுக்கும் போனுக்கும் ஒன்றாக அனுப்ப வேண்டும் என்றால்தான் அது தேவை. எது வாங்கினாலும் புளூடூத், ஆன்ட் பிளஸ் (புளூடூத் போலவே கம்பியில்லாமல் எண்ணை அனுப்பும் இன்னொரு முறை) இரண்டும் இருக்கிறதா பாருங்கள், பின்னால் கார்மின் போல ஏதாவது வாட்ச் வாங்கினாலும் பட்டை வீணாகாது. மேஜீன், கூஸ்போ என்று இன்னும் குறைந்த விலையிலும் வருகின்றன, என் நண்பர்கள் இரண்டு பேர் மேஜீன் கட்டுகிறார்கள், குறை சொல்லிக் கேட்டதில்லை.

இடையில் ஒரு கதை. இந்தப் பட்டையெல்லாம் பின்லாந்துப் பனியில் பிறந்தது. அங்கே பனிச்சறுக்குக்காரர்கள் ஓடும்போது துடிப்பை எண்ண வழியில்லாமல் தவித்ததைப் பார்த்து ஒரு மின்னணுவியல் பேராசிரியர் 1977-இல் ஆரம்பித்ததுதான் போலார். கம்பியில்லாத முதல் கருவி 1982-இல் வந்தது. பனியில் பிறந்த பொருள் நம் வியர்வையில் இன்னும் நன்றாக வேலை செய்கிறது என்பது வேடிக்கை, ஏனென்றால் அதற்கு ஈரம் வேண்டும். மார்கழிக் குளிரில் காய்ந்த தோலில் கட்டினால் முதல் ஐந்து நிமிடம் 40, 210 என்று உளறும். கட்டுவதற்கு முன் உள்பக்கம் இருக்கும் அந்தக் கறுப்பு ரப்பர் பகுதியைக் குழாய்த் தண்ணீரில் நனைத்துவிடுங்கள், தீர்ந்தது.

ரேஸ்கோர்ஸ்காரன்

எண்ணிவிட்டேன்! பேண்ட் 172. வலது கால் 30 வினாடியில் 43 தடவை. 43 × 4 = 172. நடுரோட்டில் நின்று சிரித்துவிட்டேன், நண்பர் என்னவோ ஏதோ என்று பார்த்தார். கழுத்தில் எண்ணியது 34, அதாவது 136. இரண்டாவது சுற்றிலும் செய்தேன், 35 வந்தது. மூன்று மாதமாக என் காலடிச் சத்தத்தை இதயத் துடிப்பு என்று நம்பி, 172 ஆகிவிட்டதே என்று ஓட்டத்தை நிறுத்தி நிறுத்தி நடந்திருக்கிறேன்.

சரி, பட்டை என்று முடிவு செய்தாகிவிட்டது. அப்புறம் இந்தக் கலோரி? பேண்ட் ஒரு நாளைக்கு 640 கலோரி எரித்தேன் என்கிறது, அதை நம்பி இரண்டு வடை கூடச் சாப்பிடலாமா?

அடையாறு_ஓட்டம்

வடையைத் தாராளமாகச் சாப்பிடுங்கள், கலோரியை நம்பிச் சாப்பிடாதீர்கள். 2017-இல் ஸ்டான்ஃபோர்டில் ஏழு மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்தார்கள். துடிப்பில் ஆறு கருவிகள் 5 சதவீதப் பிழைக்குள் வந்தன, ஆனால் கலோரியில் இருப்பதிலேயே நல்லதுகூடச் சராசரியாக 27 சதவீதம் தப்பு. பட்டை வாங்கினாலும் இது பெரிதாகத் திருந்தாது, அதுவும் துடிப்பை வைத்துக் குத்துமதிப்பாகத்தான் போடும்.

மாடித்தோட்டம்_லதா

பெண்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக எழுதுகிறேன். மார்புப் பட்டையை ஸ்போர்ட்ஸ் பிராவின் கீழ்விளிம்போடு சேர்த்துக் கட்டி ஒரு மணி நேரம் ஓடிப் பாருங்கள், குளிக்கும்போது தண்ணீர் பட்டதும் தெரியும் எங்கே உராய்ந்தது என்று. வாஸ்லின் தடவலாம், ஆனால் ரப்பர் படும் இடத்தில் பட்டுவிட்டால் எண் வராது, விளிம்பில் மட்டும். நான் இரண்டு மாதம் போராடிவிட்டு முழங்கைக்கு மேலே கட்டும் பட்டைக்கு மாறினேன், போலார் வெரிட்டி சென்ஸ். இதுவும் ஒளியால் வேலை செய்வதுதான், ஆனால் அந்த இடத்தில் சதை உண்டு, மணிக்கட்டு அளவுக்கு மடங்கலும் ஆட்டமும் இல்லை. டம்பெல், ஸ்கிப்பிங் எல்லாவற்றுக்கும் கழுத்தில் எண்ணிப் பார்த்தேன், இரண்டு மூன்று துடிப்புதான் வித்தியாசம். உங்கள் பட்ஜெட்டைத் தாண்டும் அண்ணா, அதனால் உங்களுக்கு இல்லை.

வாட்ச்சோ பேண்டோ கையிலேயே கட்டப் போகிறவர்கள், பயிற்சியின்போது மட்டும் மணிக்கட்டு எலும்பிலிருந்து இரண்டு விரல் மேலே ஏற்றி ஒரு துளை கூடுதலாக இறுக்குங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே போய்விடும்.

மருந்துக்கடை_மூலை

பிபி மாத்திரை என்று எழுதியிருந்தீர்கள், யாரும் கண்டுகொள்ளவில்லை. என்ன மாத்திரை? அட்டனலால், மெட்டோப்ரலால் வகை என்றால் அது இதயத் துடிப்பையே அடக்கி வைக்கும். எவ்வளவு ஓடினாலும் எண் வழக்கமான அளவுக்கு ஏறாது, நீங்கள் 220 கணக்கைப் பிடித்துக்கொண்டு இன்னும் வேகமாக ஓடு என்று உடம்பை விரட்டுவீர்கள். அந்த மாத்திரை எடுப்பவர்கள் எந்த எண்ணுக்குள் இருக்க வேண்டும் என்பதை டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

அந்த 220 கணக்கே ஒரு சராசரிதான். ஒரே வயதில் ஒருவருக்கு உச்சம் 162, இன்னொருவருக்கு 188 இருப்பது சாதாரணம். 208-இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கும் இன்னொரு கணக்கு 2001-இல் வந்தது, உங்களுக்கு அதில் 176 வரும். அதுவும் சராசரியே. நெஞ்சில் வலி, இறுக்கம், தலைசுற்றல் என்றால் எந்தக் கருவி என்ன காட்டினாலும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

ரேஸ்கோர்ஸ்காரன்

நன்றி சார். டெல்மிசார்டான் 40.

மருந்துக்கடை_மூலை

அது துடிப்பைக் குறைக்காது. எண்ணைப் பார்த்து ஓடலாம். இருந்தாலும் அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது ஓட ஆரம்பித்திருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

ரேஸ்கோர்ஸ்காரன்

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். எச்9 வந்துவிட்டது. அதே பாதை, அதே வேகம், 134-இலிருந்து 139-க்குள் நிற்கிறது. கடைசி ஐந்நூறு மீட்டர் நண்பரோடு போட்டி போட்டு ஓடியதில் 166 போனது, அப்போது நிஜமாகவே பேச முடியவில்லை. பழைய பேண்டை மனைவி வாங்கிக் கட்டிக்கொண்டார், நடைக்கும் தூக்கத்துக்கும் அவருக்கு அது போதுமாம்.

ஒரு கேள்வி பாக்கி. நேற்று ஓடி முடித்துப் பட்டையை அப்படியே ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போனேன். சாயங்காலம் வரை போனில் இணைப்பு துண்டிக்கவே இல்லை. பேட்டரி போய்விடுமா?

பெடல்_பெருமாள்

போகும். ஈரம் இருக்கும் வரை அது உங்கள் உடம்பில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். ஓடி முடித்ததும் நடுவில் இருக்கும் வில்லையைப் பட்டையிலிருந்து பிடுங்கித் தனியாக வைத்துவிடுங்கள், ஒரு பொத்தானைக் கழற்றினால்கூடப் போதும். பட்டையை வெறும் தண்ணீரில் அலசி நிழலில் போடுங்கள், உப்பு படிந்தால் ஆறு மாதத்தில் போய்விடும், நாற்றம் அதற்கு முன்பே வந்துவிடும். ஒழுங்காகக் கழற்றி வைத்தால் பேட்டரி 400 மணி நேரம் வரை ஓடும் என்கிறார்கள், எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் வருகிறது.

மாற்றும்போது கடையில் சிஆர் 2025 என்று கேட்டு வாங்குங்கள். 2032-தான் இருக்கிறது, எல்லாம் ஒன்றுதான் என்று கொடுப்பார்கள், அது தடிமன் கூட, மூடி மூடாது.